ஏழாம் நிலையத்தின் பூஜ்யம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு பல் ஆடுகிறது. அதைத் தவிர நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் கொடுத்த களிம்பைத் தடவுகிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

எனக்கு இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. இயந்திரக் கற்றலும் புள்ளியியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பு, ஐம்பத்திரண்டு வயதில். கணினிக் கூடத்துக்குப் போனால் வாசலில் இருக்கிற காவலாளி, "யார் பிள்ளையப் பாக்க வந்தீங்க?" என்று கேட்கிறார். போன வருஷமும் அதே கேள்வி, அதே ஆள். "என்னைத்தான் பாக்க வந்தேன், உள்ளே விடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். வகுப்பில் எனக்கு 'மழை ஆன்ட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்து நாலு வருஷம் வானிலை நிலையத்தில் மழை அளந்தேன் என்று முதல் நாளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எனக்கு வழிகாட்டியாக வந்திருப்பவருக்கு முப்பத்து நாலு வயது. தம்பி வாத்தியார் என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொள்கிறேன். கெட்டிக்காரர். அவரிடம் ஒரு வேலை வந்திருக்கிறது, கேளுங்கள்: நம் ஊர்க் கால்வாய்க்குப் புதுச் சைரன் வைக்கப் போகிறார்கள். மழை அளவைப் பார்த்து, கால்வாய் பொங்குமா பொங்காதா என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொங்கும் என்று சொன்னால் சைரன் தானாக ஊதும். அந்த மாடலைச் செய்வதுதான் என் ஆய்வேடு. நம் ஊர் என்றதும் வகுப்பில் எழுந்து நின்று கேட்டு வாங்கினேன். இது தேறினால் பட்டம். தேறாவிட்டால் இரண்டு வருஷமும் வீண்.

உங்களுக்குக் காது கேட்காததால் போனில் பேச வழியில்லை. அதனால் கடிதமாவது ஒழுங்காகப் போடுங்கள். நானும் பார்க்கிறேன், பல வருஷமாக உங்கள் கடிதம் வெறும் 'தங்கைக்கு' என்றுதான் ஆரம்பிக்கிறது. முன்னால் ஒரு 'அன்புள்ள' போட்டால் பேனா தேய்ந்துவிடுமா?

உங்கள் தங்கை

---

ஆகஸ்ட் 23

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது. களிம்பு தீர்ந்துவிட்டது. இங்கே கடையில் இல்லை.

படிப்பது உன் இஷ்டம். ஆனால் அந்தச் சைரன் வேலையை வேறு யாராவது செய்யட்டும். மழையை அளந்து இதுவரைக்கும் யாரைக் காப்பாற்றிவிட்டோம்?

பல்லை மருத்துவரிடம் காட்டு.

அண்ணன்

---

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

பல் பிடுங்கியாகிவிட்டது. வாய் வீங்கியிருக்கிறது, ஆனால் கோபத்தில்தான் அதிகம் வீங்கியிருக்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் அதைக்கூட விசாரிக்க மறந்துவிடுவேன்.

தரவு கைக்கு வந்தது. பன்னிரண்டு நிலையங்கள், முப்பது வருஷ மழை, நாளுக்கு ஒரு எண். இன்னொரு பக்கம், கால்வாய் பொங்கிய நாட்கள். மாடலை ஓட்டினோம். மற்றதெல்லாம் ஏறக்குறைய சரியாக வருகிறது, ஒரே ஒரு நாள் மட்டும் முரண்டு பிடிக்கிறது. கால்வாய் கரை உடைத்துப் பாய்ந்த நாள். ஆனால் ஏழாம் நிலையத்தில் மழை பூஜ்யம்.

தம்பி வாத்தியார் திரையைப் பார்த்தார். "மேடம், இது அவுட்லையர். தூக்கிடுங்க" என்றார். கூட்டத்தோடு ஒட்டாத எண்ணுக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் அது.

நான் தேதியைப் பார்த்தேன். நவம்பர் ஒன்பது, பதினொரு வருஷத்துக்கு முன். அண்ணி போன நாள்.

ஏழாம் நிலையம் என்பது நம் ஊர் நிலையம், அண்ணா. அன்றைக்கு வேலையில் இருந்தவள் நான். நான் பூஜ்யம் எழுதவில்லை. விடிகாலை ஐந்தரைக்கு நான் போய்ப் பார்த்தபோதே மழைமானிக்குள் இருக்கிற பாத்திரம் நிரம்பி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. நிரம்பி வழிந்ததை எப்படி அளப்பது? அளவுக் கட்டத்தில் 'வழிந்தது' என்று எழுதினேன். பக்கத்தில் இருக்கிற குறிப்புக் கட்டத்தில் விவரம் எல்லாம் எழுதினேன். பிறகு அந்தப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள், குறிப்புக் கட்டத்தைத் தொடவே இல்லை. அளவுக் கட்டத்தில் எழுத்து இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. எண் இல்லையென்றால் தானாகப் பூஜ்யம் போட்டுக்கொள்ளும். ஊரையே மூழ்கடித்த மழை, கணக்கில் ஒரு சொட்டு இல்லை!

இதைச் சொன்னேன். "உங்க ஞாபகத்த வச்சு டேட்டாவ மாத்த முடியாது மேடம். எமோஷனலா பாக்காதீங்க" என்கிறார். எந்த நாளுக்காகச் சைரன் வைக்கிறோமோ அந்த நாளையே எடுத்தெறிந்துவிட்டு ஒரு மாடலா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. பொங்கிய நாட்களே கொஞ்சம்தான் என்பதால், அந்த நாளை எடுத்துவிட்டால் அவற்றில் துல்லியம் தொண்ணூற்றேழு சதவீதம், வைத்தால் தொண்ணூற்றொன்று. அவருக்கு அதுதான் கவலை.

எனக்கு ஆதாரம் வேண்டும். நிலையத்தின் பின்னறையில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த நாளின் பக்கத்தை மட்டும் படம் எடுத்து, உங்கள் கையால் ஒரு நகலும் எழுதி அனுப்புங்கள். உடனே.

உங்கள் தங்கை

---

அக்டோபர் 22

தங்கைக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. சளி. இப்போது பரவாயில்லை. உன் வாய் வீக்கம் வடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நிலையத்துக்குப் போக முடியவில்லை. பூட்டியிருந்தது என்று சொன்னார்கள். பழையதைக் கிளற வேண்டாம். உன் வாத்தியார் சொல்வதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டத்தை வாங்கிக்கொள்.

அண்ணன்

---

நவம்பர் 9

அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன், நீங்கள்தான் எதையும் சொல்வதில்லையே.

நிலையத்தில் இப்போது இருக்கிற பொறுப்பாளருக்குப் போன் போட்டேன். "பூட்டா? தினமும் திறந்துதாங்க இருக்கு. அப்படி யாரும் வரவே இல்லயே" என்றார். பொய் சொல்ல உங்களுக்கு பாலத்தைத் தாண்டி இருக்கிற ஒரு பூட்டுதான் கிடைத்ததா?

இன்றைக்கு என்ன தேதி என்று நான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். காலையில் எழுந்ததும் அண்ணியை நினைத்துக்கொண்டேன். தையல் கடையை ஏழு மணிக்குத் திறக்கப் போனார். ஏழரைக்குத் தண்ணீர் கீழத்தெருவுக்குள் வந்தது. சைரன் ஊதியிருந்தால் அவர் மேலத்தெரு வாசற்படியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். இது எனக்குத் தெரியாதா?

இங்கே நிலைமை இதுதான். டிசம்பர் பதினைந்துக்குள் ஆதாரம் கொடுத்தால் அந்த நாள் என் ஆய்வேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் அதை நீக்கித்தான் கொடுக்க வேண்டும். நீக்க மாட்டேன் என்றால் ஆய்வேட்டை வாங்க மாட்டாராம். நீக்கிக் கொடுத்தால் எனக்குப் பட்டம் வரும், நம் ஊருக்கு ஊமைச் சைரன் வரும். அடுத்த தடவை பாத்திரம் வழிகிற மழை பெய்தால், எண் இல்லை, ஆகவே பூஜ்யம், ஆகவே ஆபத்தில்லை என்று அது வாயை மூடிக்கொண்டு நிற்கும். நான் நீக்க மாட்டேன். பட்டம் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்போது உங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன், யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலு எட்டு வைத்துப் போய் ஒரு பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு என்ன கேடு?

உங்கள் தங்கை

---

டிசம்பர் 3

தங்கைக்கு,

உன் உடம்பு நலமாக இருக்க வேண்டும்.

போனேன். பக்கம் இருக்கிறது. பொறுப்பாளர் எடுத்த படம் உள்ளே வைத்திருக்கிறேன். என் கையால் எழுதிய நகல் கீழே.

'மழையளவு: வழிந்தது. குறிப்பு: காலை 5.30, பாத்திரம் 200 மி.மீ. கொள்ளளவைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அளக்க இயலவில்லை. 5.40, வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. பாத்திரம் காலி செய்து வைக்கப்பட்டது. 6.30, மேலும் 62 மி.மீ. தொலைபேசி வேலை செய்யவில்லை. 7.15, ஊருக்குள் நேரில் சொல்லப் புறப்பட்டேன். கால்வாய்ப் பாலம் இல்லை.'

உன் கையெழுத்துதான். எழுத்து நனைந்து ஊறியிருக்கிறது.

ஏன் இரண்டரை மாதம் போகவில்லை என்று கேட்பாய். சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வடிந்த பிறகு விசாரணை அறிக்கை வந்தது. பேப்பரில் போட்டிருந்தார்கள். 'ஏழாம் நிலையத்தில் அன்று காலை பதிவான மழை: பூஜ்யம்.' அதைப் படித்தவுடன் நான் முடிவு கட்டிவிட்டேன். மழைக்குச் சோம்பிப் படுத்துக்கொண்டு, போய்ப் பார்க்காமலேயே பூஜ்யம் போட்டிருக்கிறாய், அதனால்தான் சைரன் ஊதவில்லை, அதனால்தான் அவள் கடை திறக்கப் போனாள் என்று. அந்தச் செய்தியைக் கத்தரித்து இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ 'வழிந்தது' என்று எழுதினேன் என்று செப்டம்பரில் சொன்னபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. நீ சொல்வது பொய்யாக இருந்தால் உன் முகத்தில் இனி முழிக்க முடியாது. உண்மையாக இருந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அதனால் பூட்டியிருக்கிறது என்றேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. 5.40க்கே போனில் சொல்லியிருக்கிறாய். பிறகு ஏன் சைரன் ஊதவில்லை?

அண்ணன்

---

டிசம்பர் 9

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பதினொரு வருஷம்! அண்ணியின் காரியத்தில் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை உங்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பேன்? 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் 'கொலைகாரி' என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "அன்னைக்கு நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டிருக்கக் கூடாதா? இருபத்து நாலு வருஷத்தில் ஒரு நாள் மழைமானியைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனா? காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் அளந்தவளைப் பார்த்தா பூஜ்யம் போட்டேன் என்று நினைத்தீர்கள்? என்னோடு பிறந்து வளர்ந்த உங்களுக்குப் பேப்பர்க்காரன் சொன்னது வேதவாக்காகப் போய்விட்டதா?

அந்த அறிக்கையை எனக்கு யாரும் காட்டவில்லை, அந்த நாட்களில் பேப்பரையும் நான் தொடவில்லை. அடுத்த மாதமே மாற்றல் உத்தரவைத்தான் கையில் கொடுத்தார்கள். துக்கத்தில் இருக்கிறேன், ஊர் மாறினால் நல்லது என்று இரக்கப்பட்டுச் செய்தார்கள் என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன்! அது தண்டனை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கம்ப்யூட்டர் எண் இல்லாத இடத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டது. அதற்கு மூளை இல்லை, மன்னித்துவிடலாம். நீங்களும் அதையேதானே செய்தீர்கள்?

பக்கத்தைத் தம்பி வாத்தியாரின் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். "சரி மேடம், சேத்துக்கங்க. ஆனா துல்லியம் கொறைஞ்சா மார்க்கும் கொறையும்" என்றார். குறையட்டும்.

தங்கை

---

ஜனவரி 6

தங்கைக்கு,

நீ திட்டியதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். இன்னும் இருந்தாலும் திட்டு. மாத்திரை போட்டுக்கொள்கிறேன், உடம்பு பரவாயில்லை.

ஆனால் நான் கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

அண்ணன்

---

ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

பதில் எழுதாததற்குக் காரணம் மறதி இல்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

5.40க்குப் போன் போட்டேன். கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஆள் எடுத்தார். "பாத்திரம் வழியுது, உடனே சைரன் போடுங்க" என்றேன். "எத்தனை மில்லிமீட்டர்?" என்றார். "அளக்க முடியல. இருநூறுக்கு மேல." "மேலன்னா எவ்வளவும்மா? கட்டத்துல எண்ணுதான் போடணும். எண்ணு இல்லாம சைரனுக்கு உத்தரவு வராது." நான் கத்தினேன். அவர் கெட்ட ஆள் இல்லை, அண்ணா. அவரே வழி சொன்னார். "சரி, இருநூறுன்னு போட்டுக்கட்டுமா?"

நான், "போடாதீங்க" என்றேன்.

"அளக்காதத எண்ணா போடக் கூடாது. இருநூறு இல்ல, அதுக்கும் மேல. தப்பான அளவ எழுதாதீங்க. மேலதிகாரிகிட்ட கேட்டு, வழிஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்றேன். அதுவரைக்கும் ஒரு பொய் எண்கூட எழுதியதில்லை என்கிற கர்வம். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார். லைன் போய்விட்டது. திரும்ப வரவே இல்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாணா முழமா என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். 'ஆமாம், இருநூறு' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு மணிக்குச் சைரன் ஊதியிருக்கும். அண்ணி ஏழு மணிக்குத்தான் கிளம்பினார்.

எதற்காக இந்த வயதில் படிக்க வந்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பொழுது போகவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். முதல் வருஷம் புள்ளியியல் வகுப்பில் ஒரு பாடம் வந்தது. கருவியின் எல்லையைத் தாண்டிப் போன அளவை எறியக் கூடாதாம். 'குறைந்தது இவ்வளவு' என்று அதையும் கணக்கில் சேர்க்க முறை இருக்கிறதாம். அரைப் பக்கச் சூத்திரம். அன்றைக்கு வகுப்பிலிருந்து எழுந்து போய்க் கழிப்பறையில் நின்று அழுதேன். 'குறைந்தது இருநூறு' என்பதும் ஒரு அளவுதான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அண்ணா. அந்தக் கட்டத்தைச் செய்தவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

போன கடிதத்தில் அவ்வளவு கத்தினேன். கத்தியது நியாயம்தான், ஒரு வார்த்தையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்கவில்லை என்று நான் கத்துகிறேனே, நானும்தான் சொல்லவில்லை.

உங்கள் தங்கை

---

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. வாடகை வீட்டுத் தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பதிலுக்காக இதை எழுதவில்லை, செய்தி சொல்ல எழுதுகிறேன்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து ஒரு அம்மாள் தேர்வாளராக வந்திருந்தார். தொண்ணூற்றொன்று ஏன் என்று கேட்டார். பக்கத்தைக் காட்டினேன். தம்பி வாத்தியாரைத் திரும்பிப் பார்த்து, "இந்த நாள எடுத்துட்டா இந்த மாடல் எதுக்கு உதவும்?" என்றார். வாத்தியார் தண்ணீர் குடித்தார். எனக்குப் பட்டம் உண்டு. மார்க் குறைவுதான், வகுப்பில் கடைசியிலிருந்து நாலாவது. சைரன்காரர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் முதல் பெயர் வாத்தியாருடையது, என் பெயர் அடியில் பொடி எழுத்தில். போகட்டும் என்று சொல்ல மாட்டேன், சண்டை போட்டிருக்கிறேன், முடிவு தெரியவில்லை.

ஆனால் ஒரு விதி என் இஷ்டப்படி ஏறிவிட்டது. மழைமானியிலிருந்து எண் வராமல் நின்றாலும், எல்லையைத் தாண்டினாலும், அதைப் பூஜ்யமாக எடுக்கக் கூடாது. சைரன் ஊதியாக வேண்டும். யாரும் யாரிடமும் போனில் எண் கேட்க வேண்டியதில்லை.

மாத்திரையை விடாமல் போடுங்கள்.

உங்கள் தங்கை

---

ஜூன் 2

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா? இளைத்திருப்பாய்.

நாலு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் ஜனவரிக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்து மடிப்பில் கிழிந்துவிட்டது.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் புதுச் சைரனை ஊதிப் பார்த்தார்கள். எனக்குத்தான் கேட்காதே. கீழத்தெருவில், அவள் கடை இருந்த இடத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டேன். திடீரென்று தெருவில் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி ஓடிவந்து தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். சைக்கிளில் போனவன் இறங்கிவிட்டான். நான் போய்ச் சைரன் கம்பத்தில் கை வைத்தேன். கம்பம் அதிர்ந்தது. அது நிற்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆளிடம், "என் தங்கச்சி வேலை இது" என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஒரு எண் சொல்லித் தொலைத்திருக்கலாம். படுக்கும்போது ஒரு தடவை, எழும்போது ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன், சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. இது எப்போது தீரும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் பதினொரு வருஷம் நான் கோபப்பட்டது வேறு யார்மேலோ. மழைக்குப் பயந்து படுத்துக் கிடந்த ஒருத்திமேல். அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது. அவளோடு பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை, அதனால்தான் கடிதமெல்லாம் நாலு வரியில் முடிந்தது. வழிகிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு, போனில் சாண் முழம் பேசிய கிறுக்கி என் தங்கைதான். அவளோடு சண்டை போட எனக்கு நிறைய இருக்கிறது. உனக்கும் என்னோடு போட மிச்சம் இருக்கும்.

கத்தரித்து வைத்த அந்தப் பேப்பர்த் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது இருந்த இடத்தில் உன் பதிவேட்டுப் பக்கத்தின் படம் இருக்கிறது.

பட்டம் வாங்கிய கையோடு கிளம்பி வா. வரும்போது முழங்காலுக்குக் களிம்பு வாங்கி வா, இங்கே இன்னும் வரவில்லை. ஒரு நாள் இருந்துவிட்டு ஓடிவிடாதே. ஒரு நாளில் முடிகிற சண்டை இல்லை இது.

உன் அண்ணன்